போர்ச் செய்திக்கு வரைபடமும் தேதியும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உக்ரைன் போர்ச் செய்தியை உங்கள் நாளிதழ் போடுகிற விதம் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் நான் கேட்கிற விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2022 பிப்ரவரி 24-ல் போர் தொடங்கியபோது முதல் பக்கம் முழுக்க அதுதான். நம் பிள்ளைகள் கார்கிவிலும் சுமியிலும் சுரங்க அறைகளில் கிடந்தார்கள், மார்ச் 1-ம் தேதி கார்கிவில் கர்நாடகத்து மருத்துவ மாணவர் ஒருவர் குண்டு விழுந்து இறந்தார், இங்கே வீட்டில் இருந்தவர்கள் போனைக் கீழே வைக்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷன் கங்கா என்ற அரசின் மீட்பு விமானங்களில் பிள்ளைகள் வந்து இறங்கியதும் செய்தி உள்பக்கத்துக்குப் போனது. அப்புறம் மூன்று பத்தி, இப்போது ஒரு பத்தி. இடம் குறைந்ததுகூடப் பரவாயில்லை, உலகத்தில் வேறு செய்தியும் இருக்கிறது. அந்த ஒரு பத்தியில் என்ன இருக்கிறது என்பதுதான் என் குறை. இன்றைக்கு 'முக்கிய நகரைக் கைப்பற்றியது ரஷ்யா' என்று வரும், நாலு நாள் கழித்து 'ரஷ்யப் படையை விரட்டியடித்தது உக்ரைன்' என்று வரும். எந்த ஊர், எவ்வளவு பெரிய ஊர், யார் சொன்னது, எந்தத் தேதி நிலவரம், முந்தைய செய்தி என்ன ஆயிற்று, ஒன்றும் இருக்காது.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் பேப்பருக்கு ஆள் இருக்கும். ரப்பர் பால்வெட்டு முடித்து வருகிறவர்கள், கடலுக்குப் போகாத நாளில் வருகிறவர்கள், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன், வளைகுடாவில் இருந்து லீவில் வந்த பையன்கள். இவர்களுக்குப் போர்ச் செய்தியில் ஆர்வம் குறையவே இல்லை. பேப்பரில் கிடைக்காததை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் தேடிக்கொள்கிறார்கள், அங்கே என்ன கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற விமானத் தாக்குதலை நிஜப் போர்க் காட்சி என்று சொல்லி, தமிழில் குரல் கொடுத்து, பின்னணி இசை சேர்த்து ஓட்டுகிறார்கள். ஆர்மா 3 என்ற விளையாட்டின் காட்சிகள் இப்படி உலகம் முழுக்கச் சுற்றி, கடைசியில் 2022 நவம்பரில் அந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே முன்வந்து, இது எங்கள் விளையாட்டில் எடுத்தது, போர் இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் கார்கிவ் பக்கம் சில நாட்களிலேயே பெரிய நிலப்பரப்பை உக்ரைன் மீட்டது, நவம்பரில் கெர்சோன் நகரை விட்டு ரஷ்யா வெளியேறியது. வேகமாக நகர்ந்த கட்டம் அநேகமாக அதோடு முடிந்தது (2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் எல்லைக்குள் உக்ரைன் புகுந்தது ஒரு விதிவிலக்கு). அதற்குப் பிறகு நடப்பது ஆளையும் ஆயுதத்தையும் பணத்தையும் மெல்ல மெல்லத் தேய்க்கிற போர். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான போர்முனையில் யாருக்கு எது முதலில் தீர்ந்துபோகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை விட்டுவிட்டு, யார் எந்த ஊரில் கொடி ஏற்றினார் என்பதை மட்டும் தினமும் எழுதினால் வாசகனுக்கு ஒன்றும் புரியாது.

கிழக்கு உக்ரைனில் அவ்தீவ்கா என்ற ஊர் 2024 பிப்ரவரி 17-ல் ரஷ்யா கைக்குப் போனது. அங்கிருந்து அடுத்த முக்கிய ஊரான போக்ரோவ்ஸ்க் நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி முக்கடல் முனையில் இருந்து மார்த்தாண்டம் மேம்பாலம் வரை இருக்கிற தூரம்தான். போக்ரோவ்ஸ்கைப் பிடித்துவிட்டோம் என்று ரஷ்யா அறிவித்தது 2025 டிசம்பர் 1-ல், அப்போதும் உக்ரைன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாம் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போகிற தூரத்துக்கு ஒரு பெரிய வல்லரசின் படை ஒன்றே முக்கால் ஆண்டு எடுத்திருக்கிறது. இதைப் படிப்பகத்தில் சொன்னபோது, ரஷ்யா எப்போதோ ஜெயித்துவிட்டது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சுவரில் தொங்குகிற மாவட்ட வரைபடத்தின் முன்னால் எழுந்து வந்து நின்றுவிட்டார்கள். உங்கள் பேப்பரில் ஒரு சின்ன வரைபடமும் அதன் அடியில் கிலோமீட்டர் அளவும் போட்டிருந்தால் அந்த வாக்குவாதமே வந்திருக்காது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் இருந்து இயங்குகிற போர் ஆய்வு நிறுவனம், அதாவது ஐ.எஸ்.டபிள்யூ, 2024 முழுக்க ரஷ்யா பிடித்த நிலம் சுமார் 4,168 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டது. நம் கன்னியாகுமரி மாவட்டம் போல் இரண்டரை மாவட்டம். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் உக்ரைனின் மொத்தப் பரப்பில் அது ஒரு சதவீதம்கூட வராது. அதே ஆண்டில் ரஷ்யத் தரப்பில் 4 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள் என்று உக்ரைன் சொல்கிறது. எதிரி சொல்கிற கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். பாதியாகக் குறைத்தால்கூட எப்படிப்பட்ட கணக்கு அது! நிலத்தையும் உயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால்தான் இந்தப் போரின் உருவம் தெரியும். ஒன்றை மட்டும் போட்டால் ஒரு தரப்புக்கு விளம்பரம் செய்வதாகிவிடும்.

கிழக்கு உக்ரைனில் இருக்கிற பக்முத் நகரைப் பாருங்கள். போருக்கு முன்பு அங்கே 70,000 பேர், நாகர்கோவிலில் மூன்றில் ஒரு பங்கு. 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 மே வரை சண்டை. முடிவில் நின்றது கூரை இல்லாத சுவர்கள் மட்டும். ரஷ்யாவுக்காகச் சண்டை போட்ட வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஜின், தன் ஆட்கள் 20,000 பேர் அங்கே இறந்ததாகவும் அதில் பாதிப்பேர் சிறையில் இருந்து கூட்டிவந்தவர்கள் என்றும் தன் வாயாலேயே சொன்னார். அடுத்த மாதம் அவரே மாஸ்கோவை நோக்கிப் படையைத் திருப்பினார், ஆகஸ்டில் விமானம் விழுந்து இறந்தார். பக்முத் விழுந்த அன்று எத்தனையோ பேப்பரில் பெரிய தலைப்பு. அங்கே இருந்த 70,000 பேர் எங்கே போனார்கள் என்று எத்தனை பேப்பர் எழுதியது?

பட்டாளத்து அண்ணன் அடிக்கடி ஒன்று சொல்வார்: "கொடியப் பாக்காத தம்பி, குண்டு எவ்வளவு வருது, யாரு தாறாங்கன்னு பாரு." அவர் பீரங்கிப் படையில் இருந்தவர், அவர் சொன்ன பிறகுதான் நானும் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் சொன்னது. வருடம் முடிந்தபோது கொடுத்தது ஏறக்குறைய பாதி. அமெரிக்க நிதி உதவி அங்குள்ள நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு 2024 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அவ்தீவ்கா விழுந்தது இந்த இரண்டும் வந்து சேராமல் இருந்த நேரத்தில். அந்தப் பக்கம் வட கொரியாவில் இருந்து குண்டுகளும், பிறகு கூர்ஸ்க் முனைக்குப் படைவீரர்களுமே வந்து இறங்கினார்கள். ஆக, ஓர் ஊர் விழுகிற செய்தி, அந்த ஊர் விழுவதற்கு மாதங்களுக்கு முன்பே எங்கோ ஒரு தொழிற்சாலையிலோ நாடாளுமன்றத்திலோ தொடங்கிவிடுகிறது. அப்போது அதை வணிகப் பக்கத்தில் மூலையில் போட்டுவிட்டு, ஊர் விழுந்த அன்று மட்டும் தலைப்பு போடுகிறீர்கள்.

இப்போது பீரங்கியைவிட டிரோன்தான் அங்கே எமன். சின்ன டிரோன், அதில் ஒரு கேமரா, ஒரு வெடிகுண்டு. ஓட்டுகிறவர் பல கிலோமீட்டர் தள்ளி நிலவறையில் உட்கார்ந்து, கேமரா காட்சி தெரிகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆளைத் துரத்துகிறார். ரேடியோ அலையைக் குழப்பித் தடுத்துவிடுகிறார்கள் என்பதால் 2024-ல் இருந்து சிக்னல் போகிற மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கிற டிரோன்கள் வந்துவிட்டன, அதை அலையால் தடுக்க வழியில்லை. முன்வரிசையில் இருந்து 15, 20 கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் பகலில் ஒரு வண்டி நகர முடியாது. சோறும் தண்ணீரும் சக்கரம் வைத்த ரோபோவில் போகிறது, காயம்பட்டவரை வெளியே கொண்டுவர நாட்கணக்கில் ஆகிறது. சாலைகளுக்கு மேலே கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள், டிரோனின் இறக்கை அதில் சிக்கி நின்றுவிடும். அந்த வலைகளில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சில் பிரிட்டனி கடற்கரையில் ஆழ்கடல் மீன்பிடிக்கிறவர்கள் தங்கள் பழைய வலைகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். சுவீடனில் இருந்தும் டென்மார்க்கில் இருந்தும் வலை போயிருக்கிறது. நம் மீனவ ஊர்களான தூத்தூரிலும் வள்ளவிளையிலும் இந்தச் செய்தியைப் படிக்கிறவன் அந்தப் போரைச் சட்டென்று புரிந்துகொள்வான், வலைக்கண் எவ்வளவு இருந்தால் எது சிக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இப்படி ஒரு செய்தி தமிழ்ப் பேப்பரில் என் கண்ணில் படவே இல்லை.

அடுத்தது, யார் சொன்னது என்பது. குப்யான்ஸ்க் நகரைப் பிடித்துவிட்டதாக ரஷ்யத் தளபதி கெராசிமோவ் 2025 நவம்பரில் புதினிடம் அறிவித்தார், உலகம் முழுக்கச் செய்தியானது. டிசம்பரில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி அதே ஊரின் நுழைவாயில் பெயர்ப் பலகைக்கு முன்னால் நின்று வீடியோ போட்டார். முதல் செய்தியைப் படித்த நம் வாசகனுக்கு இரண்டாவது போய்ச் சேர்ந்ததா? உக்ரைன் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. போர் தொடங்கிய நாளில் கருங்கடலில் இருக்கிற பாம்புத் தீவில் 13 வீரர்கள் வீரமரணம் அடைந்ததாக ஜெலன்ஸ்கியே அறிவித்தார், சில நாட்களில் அவர்கள் உயிரோடு கைதிகளாக இருப்பது தெரிந்தது. ரஷ்ய விமானங்களைச் சுட்டுத் தள்ளியதாகப் பேசப்பட்ட 'கீவின் பேய்' என்கிற விமானி வெறும் கதைதான் என்று உக்ரைன் விமானப்படையே 2022 ஏப்ரலில் சொல்லிவிட்டது. படையெடுத்தது யார், யாருடைய மண்ணில் சண்டை நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதற்காக ஒரு தரப்பின் அறிக்கையைச் சரிபார்க்காமல் அச்சடிக்கலாம் என்று ஆகாது.

சரிபார்க்க முடியாத விஷயமும் இல்லை. ஒரு வீரர் கொடி பிடித்து நிற்கிற வீடியோ வந்தால், பின்னால் தெரிகிற தண்ணீர்த் தொட்டி, சாலை வளைவு, இடிந்த மாடி ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உக்ரைனில் இருந்து டீப்ஸ்டேட் என்கிற வரைபடம் வருகிறது, ரஷ்யப் பக்கம் ரைபார் என்று ஒன்று இருக்கிறது, ஐ.எஸ்.டபிள்யூவும் போடுகிறது. மூன்றும் ஒத்துப்போகிற இடம் அநேகமாக உறுதி. ஒத்துப்போகாத இடத்தில் யார் கையிலும் இல்லாத சாம்பல் நிறப் பகுதி இருக்கும். இரண்டு மூன்று பேராக ஊருக்குள் நுழைந்து ஒரு வீட்டில் பதுங்கிக் கொடி காட்டிவிட்டால் அந்த ஊர் அவர்களுடையதாகிவிடாது. வாரம் ஒரு முறை இந்த வரைபடங்களை ஒப்பிட்டு எழுத உதவி ஆசிரியர் ஒருவருக்கு அரை நாள் போதும்.

இதில் தமிழர்களுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. வன்னியில் போர் நடந்தபோது நாம் எல்லோரும் களமுனைச் செய்தியைத் தினமும் தேடிப் படித்தவர்கள்தானே. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி போனது, அடுத்த வாரம் ஆனையிறவு, அதே மாதம் முல்லைத்தீவு. அப்போதும் பலரும், இது பின்வாங்கல் இல்லை, உள்ளே இழுத்து அடிக்கிற தந்திரம் என்று மே மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்ப வைத்தவை பத்திரிகைகளும்தான். வெளிச் செய்தியாளர்கள் உள்ளே போக விடப்படவில்லை, உள்ளே சிக்கியிருந்த சனங்கள் பற்றிய உண்மை வெளியே வரவில்லை, எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை. விருப்பத்தைச் செய்தியாகப் படித்து ஏமாந்த வலி இந்தத் தலைமுறைக்குத் தெரியும். இன்னொரு நாட்டுப் போர்தானே என்று அதையே திரும்பச் செய்ய வேண்டாம்.

செத்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மீடியாசோனா என்ற ரஷ்யச் செய்தித்தளமும் பி.பி.சி.யின் ரஷ்யப் பிரிவும் சேர்ந்து, இறந்த ரஷ்ய வீரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். இரங்கல் அறிவிப்பு, உறவினர் போட்ட பதிவு, கல்லறையில் எழுதிய பெயர் என்று தேடித் தேடி எழுதுகிறார்கள். 2025-ல் அந்தப் பட்டியல் ஒரு லட்சம் பெயர்களைத் தாண்டியது. உக்ரைன் தரப்பில் 46,000 வீரர்களுக்கு மேல் இறந்ததாக ஜெலன்ஸ்கி 2025 பிப்ரவரியில் சொன்னார், காணாமல் போனவர்கள் வேறு பல்லாயிரம் பேர். பெயர் பெயராக எண்ணுவதன் அருமை நம் கடற்கரைக்குத் தெரியும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்த பிறகு அரசு ஒரு எண்ணிக்கை சொன்னது, தேவாலயப் பங்குகளில் வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியல் வேறொன்று சொன்னது. கரை திரும்பாத ஒவ்வொருவரின் பெயரையும், எந்தப் படகில் போனார் என்பதையும் எழுதி வைத்திருந்ததால்தான் நம்மால் வாதாட முடிந்தது. போர்ச் செய்தியிலும் யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

இவ்வளவு தூரத்துச் சண்டையைப் பற்றி ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். சூரியகாந்தி எண்ணெய் விலையும், ரஷ்ய எண்ணெய் வாங்கியதைக் காரணம் சொல்லி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட கூடுதல் வரியும், அதனால் இறால் ஏற்றுமதி பட்ட பாடும் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் பொழியூர். நீரோடியைத் தாண்டினால் அடுத்த ஊர் அது, மாநிலம்தான் வேறு, கடலும் வலையும் சொந்தபந்தமும் ஒன்று. அங்கிருந்தும் அஞ்சுதெங்கில் இருந்தும் சில இளைஞர்கள், பாதுகாவலர் வேலை, மாதம் லட்சத்துக்கு மேல் சம்பளம் என்ற பேச்சை நம்பி ரஷ்யாவுக்குப் போய், கையெழுத்து வாங்கப்பட்டு, சில வாரப் பயிற்சியோடு போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். 2024-ல் சிலர் காயத்தோடு திரும்பினார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் போட்டது, ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் இதைப் புதினிடம் பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகத் தெரிந்த இந்தியர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96, இறந்தவர்கள் 12, காணவில்லை 16. அதற்குப் பிறகும் இது நிற்கவில்லை, 2025 செப்டம்பரில் அமைச்சகம் மறுபடியும் எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

இந்தப் பையன்களிடம் ஏஜென்ட் சொல்வது என்ன? சமையல் உதவி, சரக்கு இறக்கும் வேலை, சண்டைக்குப் போக வேண்டாம், பின்னால்தான் இருப்பாய் என்பது. முனையில் இருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும் டிரோன் தேடிவந்து அடிக்கிற போரில் சாப்பாடு கொண்டுபோகிறவன்தான் முதலில் சாகிறான். பின்னால் என்று ஒரு இடமே அங்கே கிடையாது. இதை ஒரு பத்தொன்பது வயசுப் பையன் பேப்பரில் படித்துத் தெரிந்துவைத்திருந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வியாவது கேட்பான். அவன் அம்மா கேட்பாள். நான் வரைபடம் கேட்பதும் அளவு கேட்பதும் அதற்காகத்தான்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள், தினசரி ஒரு பத்தியை வேண்டுமானால் நிறுத்திவிடுங்கள். கிலோமீட்டர் அளவோடு வரைபடம், எந்தத் தேதி நிலவரம், யார் சொன்னது, போன வாரம் நீங்கள் போட்டது இந்த வாரமும் நிற்கிறதா, குண்டும் டிரோனும் பணமும் யாருக்கு எப்படிப் போகிறது, மக்கள் எங்கே இருக்கிறார்கள். உங்கள் யூடியூப் பக்கத்தில் டிரோன் ஆளைத் துரத்துகிற காட்சிக்கு இசை சேர்த்துப் போடுவதையும் நிறுத்துங்கள், அதில் சாகிறவன் ஒருவேளை நம் கரைப் பையனாகவும் இருக்கலாம். முக்கியமாக, அந்தக் காணாமல் போன 16 பேர் என்ன ஆனார்கள், அதற்குப் பிறகு போனவர்கள் எத்தனை பேர், அதில் நம் மாவட்டத்துக்காரர்கள் யாராவது உண்டா என்று ஒரு நிருபரை வெளியுறவு அமைச்சகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்க வைத்து, கிடைத்த பதிலை அப்படியே போடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர்,
கொல்லங்கோடு வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.